வாசலுக்கு மேல வசனம்

ஞானப்பூ வேதப்புஸ்தகத்துக்குள்ள ஒரு விரல விட்டுக்கிட்டு பந்தல்ல மூணாவது வரிசையில உக்காந்திருக்கா. விரல எடுத்தா பக்கம் தப்பிரும்னு பயமில்ல, அந்தப் பக்கம் கண்ண மூடுனாலும் அவளுக்குத் தெரியும், விரலுக்கு ஒரு சோலி இருக்கட்டும்னுதான் விட்டிருக்கா, இல்லன்னா சவம் அது பாட்டுக்கு சேலத் தலப்பப் பிச்சிக்கிட்டு கெடக்கும். எதுக்க கோயில்பிள்ளை அண்ணாச்சியோட புது வீடு. வீடா அது, கப்பலக் கொண்டாந்து கரையில கவுத்த மாதிரி நிக்கி. முன்னால ரெண்டு சிங்கம் வேற, கிறிஸ்தவன் வீட்டுக்கு எதுக்கு சிங்கம்னு கேட்டா, தானியேலத் தூக்கிப் போட்ட கெபியில சிங்கம் இருந்துச்சுல்லாம்பாரு, அண்ணாச்சிக்கு எதக் கேட்டாலும் வேதத்துல ஒரு மூலையில பதில் இருக்கும். வாசலுக்கு மேல கருப்பு கிரானைட் கல்லு, அது மேல மஞ்சத் துணி தொங்குது. குருவானவரு வந்து நூல இழுத்தா துணி விழும், உள்ள செதுக்கியிருக்கிற வசனம் தெரியும், அதோட வீட்டுப் பிரதிஷ்டை முடிஞ்சுது, எல்லாரும் பிரியாணிக்கு எந்திரிக்கலாம். என்ன வசனம்னு ஊருக்கே தெரியும். அண்ணாச்சியோட செங்கல் லாரியில அந்த வசனம், சூளை கேட்டுல அந்த வசனம், மகளுக்கு கல்யாண கார்டு அடிச்சப்ப மாப்பிள்ள பேருக்கு மேல அந்த வசனம். ஒன் தொடக்கம் இத்தினிக்கூண்டா இருந்தாலும் முடிவு அம்பாரமா இருக்கும்னு அர்த்தம் வரும். யோபு புஸ்தகம், எட்டாம் அதிகாரத்துல ஏழாம் வசனம். அண்ணாச்சி ஒத்த மாட்டுவண்டியில கல்லு அடிச்ச காலத்துல, வருசப் பொறப்பு ஆராதனை முடிஞ்சு கோயில் வாசல்ல தட்டுல கவுத்து வச்சிருந்த வாக்குத்தத்த அட்டையில கண்ண மூடிக்கிட்டு எடுத்ததாம் அது. எடுத்தது எதுவோ அது அந்த வருசம் ஆண்டவரு ஒனக்குன்னு சொன்ன வார்த்தை, அதுதான் வழக்கம். பிடிக்கலன்னா திருப்பி வைக்கக் கூடாது. அண்ணாச்சி பெஞ்சாதி சுகிர்தம் மைனி ஒரு தடவ திருப்பி வச்சத ஞானப்பூ பாத்திருக்கா, சொன்னதில்ல.

"ஏட்டி, பிரியாணியில பட்ட கூடிப்போச்சு போல, வாசம் தூக்குது," பக்கத்து சேர்ல லில்லிபாய். அவளும் ஞானப்பூவும் பெண்கள் ஐக்கிய சங்கத்துல ஒரே பெஞ்சு. "ஒனக்கென்ன, நீ மைக்கப் பிடிக்கப் போற. எங்களுக்கு அண்டாதான்." ஞானப்பூ சிரிச்சு வச்சா. வாசிக்க இவளக் கூப்பிட்டது சுகிர்தம் மைனிதான், இவ அரைச்சு விக்கிற இட்லி மாவு வாங்க வந்த எடத்துல தூக்குவாளிய நீட்டிக்கிட்டே சொன்னாவ, ஒனக்குத்தான் குரலு கணீர்னு இருக்கும் ஞானப்பூ, ஒத்த வசனம், வாசிச்சிட்டு வழக்கம்போல வீட்டுக்காரங்களுக்காக ஒரு சின்ன ஜெபம் பண்ணிரு, யாரு வாசிக்காவளோ அவியதான ஜெபிக்கணும். கணீர்னு இருக்குமாம். குரலு கணீர்னு மட்டுமா இருக்கும், யாரு குரலு வேணும் மைனி, சொல்லுங்க. ஞானப்பூ தொண்டைக்குள்ள ஊரே குடியிருக்கு. பழைய பிஷப்பு மூக்கால ஆசீர்வாதம் சொல்லுறது, கோயில்குட்டி மணி அடிச்சிட்டு மூச்சு வாங்குறது, லில்லிபாய் மாமியாரு ஜெபத்துக்கு நடுவுல மருமகள ஏசுறது, எல்லாம் வரும். சங்கக் கூட்டம் முடிஞ்சு காப்பி வாரதுக்குள்ள நாலு பேரப் பேசிக் காட்டலன்னா பொம்பளைய எந்திரிக்க மாட்டாவ. கோயில்பிள்ளை அண்ணாச்சி குரலு இருக்கே, அதுதான் அவளுக்கு அல்வா. தொண்டைய ரெண்டு தரம் செருமணும், குளுருக்கு லாரி ஸ்டார்ட் ஆவாம இழுக்கும்லா, அது மாதிரி. பெறவு பிரியமானவங்களேன்னு ஒரு இழுப்பு. ஆண்டவருன்னு சொல்லும்போது நாக்கு மேல ஒட்டி ஒரு நொடி நின்னு எறங்கணும். முடிக்கும்போது குரலத் தணிக்கணும், ரகசியம் சொல்லுத மாதிரி, ஆனா பந்தலுக்கு வெளிய நிக்கிறவனுக்கும் கேக்கணும். அத அவ கத்துக்கிட்டது கூட்டத்துலயோ ஜெபக்குழுவுலயோ இல்ல. அந்தக் கடைசித் தணிப்ப அவ கத்துக்கிட்டது ஆஸ்டின் பெட்டிக்குப் பக்கத்துல உக்காந்து.

ஆஸ்டின் அவ ஒத்த மகன். மீச அரும்புறதா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டிருந்த வயசு. ஞாயித்துக்கெழம, சித்திர வெயிலு, கூட்டாளியளோட ஆத்துக்குப் போனான், தடுப்பணையில குதிச்சான், மத்தவனுவ வந்தானுவ, அவன் வரல. அம்புட்டுதான், அதுக்கு மேல நெனைக்கக் கூடாதுன்னு அவ வச்சிருக்கா, நெனச்சா ஈர டவுசர் வரும், கால் விரல்ல ஒட்டியிருந்த பாசி வரும், வேண்டாம். சேரு நெனைக்கலாம், பந்தல நெனைக்கலாம். அன்னைக்கும் இதே மாதிரி செவப்பு பிளாஸ்டிக் சேரு. அனுப்பி வச்சது கோயில்பிள்ளை அண்ணாச்சிதான், தண்ணி டிரம்மும் அவருதான், ஐஸ்பெட்டிக்கு ஆள் அனுப்புனதும் அவருதான், பெட்டிக்கு முன்னால தோள் குடுத்ததும் அவருதான், அதனாலதான அவர முழுசா வெறுக்கவும் முடியாமப் போச்சு, பாதி வெறுத்து பாதியில நிக்கி, வெந்தும் வேகாத அரிசி கணக்கா. அன்னைக்கு குருவானவரு வாரதுக்கு நேரமாச்சுன்னு அண்ணாச்சி எந்திரிச்சாரு. ஜெபக்குழுத் தலைவரு, கமிட்டி மெம்பரு, ரெண்டு வார்த்த சொல்லணும்லா. செருமுனாரு. பிரியமானவங்களே. ஆராதனை நேரத்துல ஆத்துல நின்ன பிள்ள. ஓய்வுநாள மறந்தான், ஆண்டவரு கைய விட்டுட்டாரு. அப்பொறம் அந்தத் தணிப்பு. பெத்தவங்க இதுல கத்துக்கிடணும். பந்தல்ல இருந்த அத்தன பேரும் தலைய ஆட்டுனாவ. ஒருத்தரு ஆமென்னாரு, சாவு வீட்டுல எவனாவது ஆமென் சொல்லுவானா, சொன்னாரு. ஞானப்பூ அழுகைய நிறுத்திட்டா. நிறுத்தணும்னு நிறுத்தல, அது தானா நின்னுபோச்சு, குழாய யாரோ திருகுன மாதிரி, பாத்தவளுவ எல்லாம் மனசு தேறிட்டான்னு பேசிக்கிட்டாளுவ. தேறுனாளா. ஏழு வயசுல இருந்து பாடகர் குழுவுல நின்ன பிள்ள, கிறிஸ்மஸுக்கு மேய்ப்பன் வேசம் போட்டு ஆட்டுக்குட்டி மேல பயந்து அழுத பிள்ள, ஒரு ஞாயித்துக்கெழம, ஒரே ஒரு ஞாயித்துக்கெழம. லில்லிபாய் மவன் கோயிலுக்கு வந்து எத்தன மாசமாச்சு, எங்க போறான்னு ஊருக்கே தெரியும், கல்லுக்குண்டு மாதிரி இருக்கான். இருக்கட்டும். நல்லா இருக்கட்டும். அப்பிடி நெனைக்கக் கூடாது. ஆனா நெனப்பு கேட்டுக்கிட்டா வருது.

அடக்கம் முடிஞ்சு சொந்தக்காரவுக பொறப்பட்டுப் போன பெறவு ஒரு நாள், கிரைண்டர்ல உளுந்து ஓடுது, ஞானப்பூ கையால தள்ளிக் குடுத்துக்கிட்டு இருக்கா, வாய் தானாச் செருமிச்சு. ரெண்டு தரம். பிரியமானவங்களே. ஆராதனை நேரத்துல ஆத்துல நின்ன பிள்ள. அச்சு அசலா வந்துச்சு, தணிப்பு கூட. அன்னையில இருந்து அது தெனமும். மாவு அரைக்கணும்னா அது வரணும்னு ஆயிப்போச்சு, உளுந்துக்கு ஒரு தரம், அரிசிக்கு ரெண்டு தரம். வீட்டுக்காரரு அருமைநாயகம் ஒரு நாள் அடுப்படிக்குள்ள வந்து நின்னாவ. "அவரு வந்திருக்காரோன்னு பாத்தேன்," ன்னாவ. "இல்ல, நாந்தான்," ன்னா. அவிய சட்டைய மாட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல போய் உக்காந்துட்டாவ. எங்கயும் போறதுக்கு இல்ல, சும்மா, பஸ்ஸு வாரதையும் போறதையும் பாக்க. இன்னைக்கும் அங்கதான் இருக்காவ, பிரதிஷ்டைக்கு வரல, கோயிலுக்கே வாரதில்ல. நானும் வரமாட்டேன்னு சொல்லியிருக்கலாம். ஆனா வீட்டுல இருந்தா மட்டும் குரலு விடுமா. முதல்ல அவதான் அந்தக் குரலப் பேசுனா, போகப் போக குரலு அவளப் பேச ஆரம்பிச்சிட்டு. ராத்திரி முழங்கால் போட்டு ஆண்டவரேன்னு கூப்பிட்டா அந்தப் பக்கம் இருந்து செருமல் கேக்கும். சின்ன வயசுல இருந்து ஆண்டவருக்குன்னு ஒரு குரல் வச்சிருந்தா, அது கொஞ்சம் அவ அப்பா மாதிரி, கொஞ்சம் மழ மாதிரி இருக்கும், அது எங்க போச்சுன்னே தெரியல. இப்ப ஆண்டவருக்கும் செங்கல் சூளை முதலாளி குரலு. சங்கத்துல, ஏ ஞானப்பூ அண்ணாச்சியப் பேசிக் காட்டுன்னு கேப்பாளுவ, காட்டுவா, பொம்பளைய வயித்தப் பிடிச்சிக்கிட்டுச் சிரிப்பாவ, ஞானப்பூவும் சிரிப்பா, சிரிச்சிக்கிட்டே உள்ளுக்குள்ள சொல்லுவா, இருங்கட்டி, எல்லாத்துக்கும் ஒரு நாள் இருக்கு. என்ன நாள்னு தெரியாது. சூளையில இடி விழணும்னு நெனச்சிருக்கா. லாரி கவுந்து அண்ணாச்சி நாக்கு மட்டும் துண்டாப் போவணும், மத்தபடி டிரைவருக்குக்கூட ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு வெவரமா நெனச்சிருக்கா. ஒரு தடவ மாவுல உப்ப அள்ளிப் போட்டு சுகிர்தம் மைனிக்குக் குடுத்தா. மைனி மறுநாள் வந்து, நேத்து மாவு கொஞ்சம் கரிப்பு, ஆனா புளிப்பு நல்லா இருந்துச்சுன்னு இன்னொரு வாளி வாங்கிட்டுப் போயிட்டாவ. பழிவாங்குறதுக்கும் ஒரு ராசி வேணும்.

அந்த நாள் வந்து சேந்தது புது குருவானவரு மூலமா. கிதியோன் ஐயா. பேருக்கு முன்னால டாக்டருன்னு போடுவாரு, வெளிநாட்டுல போய் வேதத்துக்கே டாக்டருக்குப் படிச்சாராம், காய்ச்சலுக்கு ஒரு மாத்திர எழுதத் தெரியாது, ஆனா எபிரேயு பாஷையில தும்முவாரு. எந்நேரமும் சளி. கண்ணாடியக் கழட்டித் துடைச்சிக்கிட்டு, ஒரு பார்வையில பாத்தா இப்படி, இன்னொரு பார்வையில பாத்தா அப்படிம்பாரு. முதல் மாசமே பொம்பளையளுக்கு நிம்மதி போச்சு. செவ்வாக்கெழம சாயந்திரம் வேதபாட வகுப்பு, அதுல அவருக்கு ஒரே ஒரு கேள்வி: ஒரு வசனத்தப் பாத்தா, இத யாரு சொன்னா, யாருகிட்ட சொன்னா, எப்ப சொன்னா. அதக் கேக்காம வசனத்தப் பிச்சு அட்டையில ஒட்டாதீங்கம்மா, அது மீன அறுத்து ஒரு செதில மட்டும் சட்டியில போட்ட மாதிரி. லில்லிபாய் தூங்கிட்டா. ஞானப்பூவும் பாதித் தூக்கத்துலதான் இருந்தா, டாக்டரு மூக்கு உறிஞ்சுறத மனசுக்குள்ள பழகிக்கிட்டு. யோபு கதைய எடுத்தாரு. பத்து பிள்ளையளும் ஒரே நாள்ல செத்துப்போச்சு, மனுசன் சாம்பல்ல உக்காந்திருக்கான், துட்டி கேக்க மூணு கூட்டாளி வாரானுவ. வந்து நல்லபடியா சும்மா உக்காந்திருந்தானுவ, வாயத் தொறந்துதான் கெடுத்தானுவ. அதுல ரெண்டாவது கூட்டாளி என்ன சொல்லுறான் பாருங்க, எட்டாம் அதிகாரம், ஒம்பிள்ளைய பாவம் பண்ணுச்சு, அதான் ஆண்டவரு அதுகள கைவிட்டுட்டாருங்கிறான். ஞானப்பூ நிமிந்தா. தூக்கம் போச்சு, கூடத்துல காத்தாடி சத்தம் கூடப் போச்சு. டாக்டரு பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே போறாரு, சுவாரசியம் என்னன்னா, நம்ம எல்லாரும் வாக்குத்தத்தமா வச்சிருக்கமே, தொடக்கம் சின்னது முடிவு பெருசு, அதுவும் இவன் சொன்னதுதான், அதே பேச்சுல, மூணு வசனம் தள்ளி. அவருக்கு அது சுவாரசியம். ஞானப்பூவுக்கு அடிவயித்துல யாரோ வெளக்கு ஏத்துன மாதிரி. கையத் தூக்குனா. "ஐயா, அப்ப இது ஆண்டவரு சொன்னதில்லையா?" "ஒரு பார்வையில பாத்தாம்மா, வேதத்துல இருக்கிற எல்லாமே…" "பார்வ இருக்கட்டும் ஐயா. இந்த வாய் யாரு வாய்?" "கூட்டாளி வாய்தான்." "ஆண்டவரு அந்தக் கூட்டாளிய என்ன செஞ்சாரு?" டாக்டரு கடைசிப் பக்கத்தப் பொரட்டுனாரு. "கோவப்பட்டாரு. என்னப் பத்தி நீங்க சரியாப் பேசலன்னு ஏசுனாரு. காளையும் கடாவும் எடுத்துக்கிட்டு யோபுகிட்ட போங்க, அவரு ஒங்களுக்காக ஜெபம் பண்ணட்டும், அவரு முகத்துக்காக ஒங்கள விட்டுருதேன்னாரு." மூக்கச் சிந்திட்டு அடுத்த வாரம் பாப்போம்னு எந்திரிச்சிட்டாரு. முறுக்கும் காப்பியும் வந்துச்சு. அவரு ரெண்டு முறுக்கு தின்னாரு. ஒரு பொம்பள நெஞ்சுக்குள்ள இருந்து செங்கல் சூளையப் பேத்து எடுத்துட்டோம்னு அந்த மனுசனுக்குத் தெரியவே தெரியாது.

அன்னைக்கு வீட்டுக்கு நடந்து போனப்ப வழியெல்லாம் சிரிப்பு. ஒரே வாய். ஒரே மூச்சுல ரெண்டும். அண்ணாச்சி வீட்டு வாசல்ல தொங்கப் போறதும் எம்மகன் பெட்டிக்கு மேல விழுந்ததும் ஒரே வாய் எச்சி. அதக் கல்லுல செதுக்கி, காசு குடுத்து, தலைக்கு மேல வச்சிருக்காரு. ஆண்டவரு ஏசுன வாய. இதுக்கு மேல இடி எதுக்கு. கிரைண்டர் முன்னால உக்காந்தா, செருமல் வந்துச்சு, வரட்டும், நீ அந்த ரெண்டாவது கூட்டாளிதானவேன்னு கேட்டா, குரலு அமுங்கிருச்சு. ஆனா ராத்திரி வேற ஒண்ணு வந்து மாட்டுச்சு, முள்ளு சேலையில மாட்டுத மாதிரி, இந்தப் பக்கம் இழுத்தா அந்தப் பக்கம் கிழியும். ஆஸ்டின் ஆத்தோட போன அந்த வருசம், வருசப் பொறப்புக்கு ஞானப்பூவும் அட்டை எடுத்திருந்தா. நீ தண்ணியக் கடக்கும்போது நான் ஒங்கூட இருப்பேன்னு வந்துச்சு. ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியிருந்தா. அதப் பிச்சும் போடல, பாக்கிறதும் இல்ல, மேல காலண்டரத் தொங்க விட்டுட்டா. டாக்டரு கேள்விய அதுக்கும் போட்டா என்ன ஆகும். இத யாரு சொன்னா, யாருகிட்ட சொன்னா. ஞானப்பூகிட்ட இல்லன்னு டாக்டரு சொல்லிட்டாருன்னா ஒரு வகையில நல்லது, ஆண்டவரு சொல்லித் தவறுனாருன்னு இல்லாமப் போவும். ஆனா ஞானப்பூகிட்ட இல்லன்னா ஞானப்பூகிட்ட என்னதான் சொன்னாரு. ஒண்ணுமே சொல்லலயா. இத்தன வருசமும் அடுத்தவன் வீட்டுக்கு வந்த தபாலப் பிரிச்சு வாசிச்சிக்கிட்டா இருந்தோம். டாக்டருகிட்ட கேக்கப் பயமா இருந்துச்சு, இன்னும் கேக்கல. அதவிடப் பயம், அந்தக் கூட்டாளி பொய்யனே ஆனாலும் கோயில்பிள்ளை சொன்னது ஒருவேள நெசமா இருந்திட்டா. அத நெனைக்கவே கூடாது, அங்க பாசி வழுக்கும். சரி, இன்னொண்ணு. எதுக்கு அந்த யோபு கூட்டாளியளுக்காக ஜெபம் பண்ணுனாரு. இதுதான் அவளுக்குச் செமிக்கல. பிள்ளையள எடுத்துக்கிட்டு, ஒடம்பெல்லாம் புண்ணக் குடுத்து, வாரவன் போறவன்கிட்ட எல்லாம் ஏச்சு வாங்க வச்சு, கடைசியில அவனுவளுக்காக ஜெபமும் பண்ணுன்னா, என்ன நியாயம் ஆண்டவரே இது. நான் பண்ண மாட்டேன். வசனத்த வாசிப்பேன், முழுசா வாசிப்பேன், ஒண்ணுல இருந்து வாசிப்பேன், ஊரு கேக்கட்டும், பெறவு மைக்கக் கீழ வச்சிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போய் அவிய பக்கத்துல உக்காந்துக்குவேன். அதுதான் திட்டம். அதுக்குத்தான் இந்தப் பட்டுச் சேல, அதுக்குத்தான் இந்த விரலு.

"ஏட்டி, இழுக்கப் போறாரு, முக்காடு போடு, வீடியோக்காரன் வாரான்," லில்லிபாய் இடிச்சா. டாக்டரு நூல இழுத்தாரு, துணி பாதியில சிக்கிக்கிட்டு, வீடியோக்காரன் குடைக் கம்பியால தூக்கிவிட்டான், விழுந்துச்சு. தங்க எழுத்து. எல்லாரும் கையத் தட்டுனாவ. டாக்டரு கல்லப் பாத்துட்டு கண்ணாடியக் கழட்டித் துடைக்க ஆரம்பிச்சாரு, அவருக்குத் தெரியும்லா, தெரிஞ்சும் வாயத் தொறக்கல, சேகரத்துச் சபையள்ல கோயில்பிள்ளையப் பகைச்சிக்கிட்டு எந்த டாக்டரு குடும்பம் நடத்த முடியும். "இப்பொழுது சகோதரி ஞானப்பூ அருமைநாயகம் இந்த வீட்டின் வசனத்த வாசிச்சு ஜெபிப்பாங்க," ன்னு அறிவிப்பு வந்துச்சு. எந்திரிச்சா. முன்னால நடந்து போய் மைக்கப் பிடிச்சா. மைக்குல யாரோ மென்ன ஏலக்கா வாசம். அண்ணாச்சி படியில நிக்காரு, பட்டு வேட்டி, வெள்ள சட்ட, பக்கத்துல சுகிர்தம் மைனி ரோஜாப்பூத் தட்டோட. மனுசன் சிரிக்காரு, நல்ல சிரிப்புதான், அன்னைக்கு ஐஸ்பெட்டி எறக்கும்போது கண்ணு கலங்குன அதே மூஞ்சி. கலங்காத ஞானப்பூ. அவ வாயத் தொறந்தா. செருமல் வந்துச்சு. ரெண்டு தரம். அவ நெனைக்கவே இல்ல, சத்தியமா நெனைக்கல, சொந்தக் குரல்ல வாசிக்கணும்னுதான் இருந்தா, ஆனா அந்தப் பக்கத்துக்கு வேற குரலே அவகிட்ட இல்ல. எட்டாம் அதிகாரம், ஒண்ணாம் வசனம், லாரி கெளம்பிருச்சு.

சின்னப் பயலுவ சிரிச்சானுவ. பொம்பளைய பக்கம் குசுகுசுன்னு ஒரு அலை. அண்ணாச்சிக்குத் தன் குரலு தனக்கே தெரியல, யாருக்குத்தான் தெரியும். "ஏம்மா, ஏழாவது வசனம்மா," ன்னாரு படியில இருந்தே.

"வாரேன் அண்ணாச்சி. ஏழுக்கு முன்னால ஆறு இருக்குல்லா."

எல்லாரும் சிரிச்சாவ, அண்ணாச்சியும் சிரிச்சாரு. ரெண்டு. மூணு. நாலாவதுக்கு வந்தா. பிள்ளையளப் பத்தின வசனம். இங்க முள்ளு மாட்டும்னு அவளுக்குத் தெரியும், மாட்டுச்சு, தாளு மேல எழுத்து ஈரமாத் தெரிஞ்சுது, இத எந்நேரமும் அடுப்படியில சொன்னவதான், ஆனா அங்க ஆளு இல்ல, இங்க ஊரே இருக்கு, சொன்னா ஊருக்கு முன்னால இவளே தன் மகனச் சொன்ன மாதிரி ஆயிருமோ. ஆகட்டும். சொன்னது நானில்ல. அது யாரு வாய்னு எனக்குத் தெரியும். வாசிச்சா. ஒம்பிள்ளைய பாவம் செஞ்சதாலதான் அதுகள அந்தப் பாவத்துக்கே விட்டுக்குடுத்துட்டாருன்னு அந்தக் கூட்டாளி சொல்லுறத, அந்த நாக்கு ஒட்டல், அந்தத் தணிப்பு, ஒண்ணு விடாம. பின்வரிசையில எவரோ பழக்கதோசத்துல "ஆமென்" ன்னாரு. அண்ணாச்சியும் ஆன்னு தொறந்தாரு. மென் வரல. அந்தத் தணிப்பு எங்கயோ கேட்ட தணிப்புன்னு மனுசனுக்குத் தட்டியிருக்கணும். வாய் ஆன்னே நின்னுச்சு. மைனி கையில தட்டு சாஞ்சு ரோஜாப்பூ ரெண்டு விழுந்துச்சு. ஞானப்பூ நிறுத்தல, அஞ்சு, ஆறு, ஏழு, தங்க எழுத்த மேல பாத்து அதே குரல்ல வாசிச்சு முடிச்சா. சிரிப்பு எப்ப நின்னுச்சுன்னு யாருக்கும் தெரியாது. அண்டா மூடி மேல கரண்டி வைக்கிற சத்தம் கேட்டுச்சு.

பெறவு சொந்தக் குரலு வந்துச்சு. ரொம்ப நாளாச்சு, அவளுக்கே அடையாளம் தெரியல. "இது ரெண்டும் ஆண்டவரு சொன்னதில்ல. பிள்ளையப் பறிகொடுத்தவன் வீட்டுக்கு துட்டி கேக்க வந்த கூட்டாளி சொன்னது. நாலும் அவன் சொன்னதுதான், ஏழும் அவன் சொன்னதுதான். அதுக்கு ஆண்டவரு அவன ஏசுனாரு. ஐயா, நான் சொல்லுறது சரியா?"

டாக்டரு கண்ணாடிய மாட்டுனாரு. மூக்க உறிஞ்சுனாரு. இன்னொரு பார்வ வரும்னு பாத்தா, வரல. "ஆமா," ன்னாரு. அவரு பண்ணுன பிரசங்கத்துலேயே நல்ல பிரசங்கம் அதுதான்.

"ஞானப்பூ," அண்ணாச்சி குரலு கம்மிப் போச்சு. "சரிம்மா. ஜெபத்தப் பண்ணிரு. ஆளுங்க பசியோட இருக்காவ."

மைக்கக் கீழ வைக்கிறதுதான திட்டம். கை வைக்கல. கை அப்படியே நிக்கி. அந்தக் கடைசிப் பக்கம் ஞாபகத்துல ஓடுது, இத்தன நாளும் யோபு ஏன் ஜெபம் பண்ணுனாருன்னே கேட்டுக்கிட்டிருந்தோமே, அவனுவ எங்க போய் நிக்கணும்னு ஆண்டவரு சொன்னத நாம பாக்கவே இல்லையே. யோபு போகலல்லா. அவனுவதான வரணும். சாம்பலுக்கு வரணும். காளையும் கடாவும் இழுத்துக்கிட்டு, ஊரு பாக்க, நடந்து வரணும். ஜெபம் பெறவுதான. இதுல எம்புட்டு வெவரம் வச்சிருக்காரு ஆண்டவரு. அவரும் நம்ம ஊருக்காரரு மாதிரிதான் இருக்காரு. அவளுக்குச் சிரிப்பு வந்துச்சு, அடக்குனா.

"பண்ணுதேன் அண்ணாச்சி. கேட்டா பண்ணுதேன். கடைசி அதிகாரத்துல அப்பிடித்தான் இருக்கு. அந்தக் கூட்டாளி எறங்கி வந்து கேக்கணும்."

லில்லிபாய் முழிச்சிருக்கா, வேதபாடத்துல ஒரு நாளும் இப்பிடி முழிச்சதில்ல. சுகிர்தம் மைனி புருசனப் பாக்கல, தரையில கெடந்த ரோஜாப்பூவப் பாத்தாவ. பெறவு சன்னமா, "போங்க," ன்னாவ. ஒரு வார்த்ததான். அண்ணாச்சி படியில இருந்து எறங்குனாரு. பட்டு வேட்டி செருப்புல தட்டுது, ரெண்டு சிங்கத்துக்கும் நடுவுல வாராரு, வேர்த்து ஒழுகுது, கிட்ட வந்து நின்னாரு. அம்புட்டு பெரிய ஆளு கிட்ட பாத்தா குள்ளம். அவ காதுக்கு மட்டும் கேக்கிற மாதிரி, "தாயி, பண்ணும்மா," ன்னாரு.

ஞானப்பூ மைக்க அவரு வாய்க்கிட்ட நீட்டுனா.

"இதுல சொல்லுங்க அண்ணாச்சி. அன்னைக்கு என்ன சொன்னீங்க, இப்ப எதுக்குக் கேக்கிறீங்க, ரெண்டையும் சொல்லுங்க."

வாய் தொறந்து மூடுது. செருமல் வரல. அவரோட குரல்ல எது கேட்டாலும் ஞானப்பூ அச்சு அசலாப் பேசிக் காட்டுவா, பிரசங்கம், ஏச்சு, ஏப்பம், எல்லாம். ஆனா மன்னிச்சிருங்கிற இந்த ஒரு வார்த்தைய அந்த வாயில இருந்து ஒரு நாளும் கேட்டதில்ல, அது எப்படி இருக்கும்னு அவளுக்கே தெரியாது. மைக்க இன்னும் கொஞ்சம் கிட்ட பிடிச்சிக்கிட்டு, காதக் குடுத்து நின்னா.